மூக்கடைத்தால் என் மகன் வேறு பிள்ளை ஆகிவிடுகிறான்

மண்டபத்து அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சுருக்கமாகப் பலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். யாருக்கும் விளங்கவில்லை.

எங்களுக்கு மண்டபம் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு வருகிற சித்திரையில் 7 வயது முடிகிறது, இரண்டாம் வகுப்பு. இளையவளுக்கு 3 வயது.

போன ஐப்பசியில் மழை பிடித்தபோது பெரியவனுக்குச் சளி பிடித்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே, வாடைக் காற்று அடங்கினால் சரியாகிவிடும் என்று இருந்தேன். இப்போது தை முடியப் போகிறது, இன்னும் விட்டபாடில்லை. முதலில் தண்ணியாக ஓடியது, அப்புறம் மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாகிவிட்டது. சிந்தச் சொன்னால் வெளியே வராது, எல்லாம் தொண்டைக்குள் இறங்குகிறது. விடிந்ததும் இருமி இருமிக் கோழையைக் கக்குகிறான். பல் விளக்கினாலும் வாய் நாற்றம் போகவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய்விட்டது. விளைமீன், பாறை என்று பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்தாலும் "ஒரு ருசியும் இல்லம்மா" என்று தட்டைத் தள்ளிவிடுகிறான்.

உடம்புக்கு வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவன் குணமே மாறிப்போனதுதான் என்னை உருக்குகிறது. இவன் முன்பு இப்படி இல்லை. தங்கச்சி பிறந்தபோது தொட்டிலை ஆட்டிவிட்டு, அவள் தூங்கினால் என்னையே "பேசாதம்மா" என்று அடக்கியவன். இப்போது அவள் பக்கத்தில் வந்தாலே பிடித்துத் தள்ளுகிறான், போன வாரம் கையில் பல் பதியக் கடித்துவிட்டான். சட்டைப் பட்டன் சரியாக மாட்டவில்லை என்று தரையில் உருண்டு அரை மணி நேரம் அழுகை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நாலாவது தடவை நான் கத்தியதும் "ஏன் கத்துற" என்று அவன் கத்துவான். பள்ளியிலும் ஓர் இடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பையனைத் தண்ணீர் பாட்டிலால் அடித்துவிட்டான் என்று இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார்கள். இப்போது கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். வகுப்புப் பிள்ளைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை.

இதுவரை கொடுத்த மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக் சிரப் 5 தடவை ஆகிவிட்டது. குடிக்கும்வரை நன்றாக இருப்பான், நிறுத்தி ஒரு வாரத்தில் பழையபடி. மூக்கடைப்புக்கு ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, விட்ட பத்து நிமிடத்தில் திறந்துவிடும். அதை இரண்டு மாதமாகத் தினமும் ராத்திரி விடுகிறேன். கார்த்திகை மாதம் ஓர் இடத்தில் மாண்டெலுகாஸ்ட் என்று அலர்ஜிக்கும் இழுப்புக்கும் கொடுக்கிற மருந்து கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், சாயங்காலம் ஒன்று. தீரத் தீர அதே சீட்டைக் கடையில் காட்டி வாங்கிக்கொள்கிறேன். கற்பூரவல்லிச் சாறு, தூதுவளை ரசம், நொச்சி போட்டு ஆவி, எல்லாம் பார்த்தாயிற்று. கார்த்திகைக்குப் பிறகு ராத்திரியில் வேறு அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறான். கண் திறந்திருக்கும், ஆனால் என்னை யாரென்றே தெரியாத மாதிரி பார்ப்பான். மாமியார் பயந்த கோளாறு என்று சொல்லி, பள்ளிவாசலில் ஓதி ஊதிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சளிக்குக் கடலில் நாலு முக்கு முக்கி எடுத்தால் போதும் என்றும் சொல்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கடலில் இருந்தார். அன்றைக்குத் தைத்து முடிக்க வேண்டிய பிளவுஸ் துணியில் இவன் மை கொட்டிவிட்டான். வேண்டுமென்றேதான் கொட்டினான், நான் பார்த்தேன். ஆத்திரத்தில் முதுகில் நாலு அடி வைத்துவிட்டேன். அழுதுகொண்டே தூங்கிப் போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை, பக்கத்தில் போய்ப் படுத்தேன். வாய் ஆவென்று திறந்திருந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்து, மோவாயை மேலே தூக்கிக்கொண்டு படுத்திருந்தான். தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. குறட்டை பெரிய ஆள் மாதிரி. திடீரென்று அந்தக் குறட்டை நின்றது. நெஞ்சுக்கூடு மட்டும் உள்ளே இழுக்கிறது, மூச்சு வரவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை வந்துவிட்டேன். அதற்குள் கேவுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்து, புரண்டு படுத்து, மறுபடி குறட்டை. விடிகிற வரை இப்படியேதான். முழித்திருந்து பார்த்த எனக்கே மறுநாள் தலை சுற்றியது. இவன் மாதக்கணக்கில் இப்படித் தூங்கி எழுந்து பள்ளிக்கூடம் போகிறான். இந்தப் பிள்ளையைத்தான் அடித்தேன்.

நான் கேட்பது இரண்டு விஷயம். இது சளியால் வருகிற குணமா, இல்லை இவன் குணமே இப்படி ஆகிவிட்டதா? அடுத்தது, இவன் தங்கச்சியை அடிக்கும்போது நான் என்ன செய்வது? கண்டித்தால் இவன் பாவம், விட்டால் அவள் பாவம். இந்த வழியில் நடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கீழக்கரை ராத்தா எழுதியது:

தங்கச்சி, உன் செவ்வாய்க்கிழமை ராத்திரியைப் படித்துவிட்டு நான் அழுதுவிட்டேன். என் இரண்டாவது மகள் அதே மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டுதான் தூங்குவாள். தலையணை சரியில்லை என்று நினைத்து மூன்று தலையணை மாற்றினேன். மூச்சுப்பாதை திறக்கட்டும் என்று பிள்ளை தானாகவே கழுத்தை அப்படி வைத்துக்கொள்கிறது என்று அப்புறம்தான் விளங்கியது.

அவளுக்கு அப்போது 5 வயது. "பிடிவாதக்காரி" என்று குடும்பமே பேர் வைத்திருந்தது. ஒன்றரை வருஷம் சிரப்பிலேயே ஓடியது. கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை பெருத்து வழியை அடைத்திருக்கிறது, சளி இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கெட்டுப்போகிறது என்றார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. பாதிப் பேச்சு அவளுக்குக் கேட்கவே இல்லை! நான் கூப்பிட்டது கேட்காமல் இருந்ததற்கு எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்பாள்.

உன் மகன் நாலாவது தடவைதான் திரும்புகிறான், கத்தினால் "ஏன் கத்துற" என்கிறான் என்று எழுதியிருக்கிறாய் பார். முதல் மூன்று தடவை அவன் காதில் விழுந்திருக்காது. நாலாவது மட்டும்தான் விழுந்தது, அதுவும் கத்தலாகவே விழுந்தது. காது பரிசோதனை கேட்டு வாங்கு.

இன்னொன்று. டாக்டர் அறையில் பகலில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை சமர்த்தாக இருக்கும், மூச்சும் சாதாரணமாகத் தெரியும். இரண்டு நிமிடத்தில் அடுத்த ஆள் வந்துவிடுவார். ஆகவே ராத்திரி அவன் தூங்குவதை ஃபோனில் வீடியோ எடு. சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சு உள்ளே இழுப்பதும் சத்தமும் தெரிகிற மாதிரி இரண்டு மூன்று நிமிடம் போதும். நான் வாயால் ஒன்றரை வருஷம் சொன்னதை அந்த வீடியோ ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டது.

என் மகளுக்குச் சதையை எடுத்தார்கள், காதில் சின்னக் குழாயும் வைத்தார்கள். மறு வாரமே வாயை மூடித் தூங்கினாள். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், குணம் மறு வாரமே திரும்பவில்லை. ஒன்றரை வருஷம் கத்தினால்தான் வேலை நடக்கும் என்று பழகிய பிள்ளை. அந்தப் பழக்கம் விட ஆறேழு மாதம் ஆனது. எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படும் என்று நினைத்துவிடாதே. என் அக்கா மகனுக்கு ஸ்பிரேயிலேயே சுருங்கிவிட்டது.


உச்சிப்புளி அப்பா எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றித்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சளி எல்லாப் பிள்ளைக்கும்தான் பிடிக்கிறது. எங்கள் காலத்தில் மூக்கு ஒழுகிக்கொண்டேதான் வளர்ந்தோம், யாரும் யாரையும் பாட்டிலால் அடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சளி என்று காரணம் சொல்லி விட்டுக்கொடுத்தால், நாளைக்கு மூக்கு சரியான பிறகும் அதே காரணத்தைச் சொல்வான். மை கொட்டியது வேண்டுமென்றே என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வைத்தியமும் பாருங்கள், கண்டிப்பையும் விடாதீர்கள்.


மண்டபத்து அம்மா எழுதியது:

ராத்தா, நேற்று ராத்திரியே வீடியோ எடுத்துவிட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அண்ணே, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் மனசுக்குள்ளும் அதே பயம்தான் ஓடுகிறது. அதனால்தான் இங்கே வந்து கேட்டேன்.


ஓய்வுபெற்ற செவிலி, ராமநாதபுரம் எழுதியது:

அம்மா, குழந்தைகள் வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கொடுக்கிற அந்த மாண்டெலுகாஸ்ட் மாத்திரை. கார்த்திகையில் அதை ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகைக்குப் பிறகுதான் ராத்திரி அலறல் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்த மருந்து சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவு, தூக்கத்தில் அலறல், எரிச்சல், அடிதடி, மனவாட்டம் இதையெல்லாம் உண்டாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்கென்றே மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்தோடு வருகிற தகவல் தாளில் சேர்க்கச் சொன்னது. மூக்கு அலர்ஜிக்கு மட்டும் என்றால் வேறு மருந்துகளைப் பார்த்த பிறகே இதற்குப் போக வேண்டும் என்பதும் அதில் உண்டு. நிறையப் பிள்ளைகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார்கள், மருந்தே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு அலறல் இருக்கிறது. இன்று சாயங்கால மாத்திரைக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஃபோன் போட்டு, அலறலையும் கோபத்தையும் சொல்லி, இதை நிறுத்தலாமா என்று கேளுங்கள். இழுப்பு, வீசிங் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய சீட்டைக் காட்டி இனி எதையும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது அந்தச் சொட்டு மருந்து. பத்து நிமிடத்தில் திறக்கிற சொட்டு எல்லாம் மூக்குக்குள் வீங்கிய ரத்தக் குழாயைச் சுருக்குகிற வகை. ஐந்து நாள், மிஞ்சினால் ஒரு வாரம். அதற்கு மேல் போனால் மருந்து வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கி அடைக்கும், அடைக்கிறதே என்று நாம் மறுபடி விடுவோம். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் இப்போதைய அடைப்பில் ஒரு பங்கு அந்தச் சொட்டினுடையதாகவே இருக்கலாம். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். உச்சிப்புளி அண்ணன் சொன்ன மூக்கொழுகல் அதுதான், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது குறைந்து மறுபடி ஏறினால் சைனஸில், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறைகளில், கிருமி பிடித்திருக்கலாம். 12 வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது நாள்பட்டது. உங்களுடையது ஐப்பசியிலிருந்து கணக்குப் போட்டால் அதையும் தாண்டிவிட்டது. அப்படி நாள்படுகிறபோது சிரப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் போதாது, ஏன் வடியவில்லை என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் காரணம் அடினாய்டு, இல்லையென்றால் அலர்ஜி, பல பேருக்கு இரண்டும்.

பெரியவர்களுக்குச் சைனஸ் என்றால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலி என்பார்கள். பிள்ளைகள் அப்படிச் சொல்வதில்லை. நெற்றிச் சைனஸ் ஏழெட்டு வயதில்தான் உருவாகியே வரும். கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் இருப்பவை பிறக்கும்போதே உண்டு. முகம் கனக்கிறது, காது அடைத்திருக்கிறது, வாசனை தெரியவில்லை, ருசி தெரியவில்லை. இதையெல்லாம் வார்த்தையாகச் சொல்ல ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. பட்டனில் கோபமாக வரும். இதோடு தூக்கமும் கெட்டுவிட்டது. இந்த வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். நமக்குத் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்கார்ந்துவிடுவோம். பிள்ளைக்குக் கெட்டால் ஓடும், கத்தும், ஓர் இடத்தில் நிற்காது. அதனால்தான் பார்ப்பவர்களுக்குத் தூக்கம் கெட்ட பிள்ளை என்று தோன்றுவதே இல்லை, துடுக்குப் பிள்ளை என்றுதான் தோன்றும். வார்டில் எத்தனையோ பிள்ளைகள் "அடங்காதவன்" என்ற பேரோடு வந்து படுத்திருக்கிறார்கள். மூச்சு நிற்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மதுரை வரை ஓட வேண்டும் என்றில்லை, ராமநாதபுரத்திலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்புப் போடுங்கள். லிட்டருக்கு 9 கிராம் என்பது கணக்கு. சிங்க் மேல் முன்னால் குனிய வைத்து, வாயால் மூச்சுவிடச் சொல்லி, ஒரு பக்கத்தில் மெதுவாக விட வேண்டும். கொதிக்க வைக்காத தண்ணீர் கூடவே கூடாது, ஊரணித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எதுவானாலும். மூக்கு வழியாக மூளைக்கு ஏறுகிற அமீபா கேரளத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கடல் தண்ணீரும் வேண்டாம். அதில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும், ஏற்கெனவே புண்ணாகியிருக்கிற மூக்கு எரியும். கரையோரத் தண்ணீர் சுத்தமும் கிடையாது. உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர்களும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். கொதிக்கிற பாத்திரத்தை வைத்து ஆவி பிடிப்பதை விட்டுவிடுங்கள். மேலே கவிழ்த்துக்கொண்டு வெந்து வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதை மறக்க முடியாது.

கண் இமை வீங்கினாலோ, கண் சிவந்து பிதுங்கினாலோ, கடும் தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, காய்ச்சலில் கழுத்து விறைத்தாலோ, எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஒரு கேள்வி. அவன் படுக்கிற அறையில் என்ன இருக்கிறது? புகை ஏதாவது?


தொண்டி டீச்சர் எழுதியது:

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. அந்தக் கடைசி பெஞ்சுதான் என்னை உறுத்துகிறது. காது மந்தமான பிள்ளையைக் கடைசியில் உட்கார வைத்தால் பாடம் அவன் வரை போய்ச் சேராது. பாடம் சேராத பிள்ளை பக்கத்துப் பையனைத்தான் நோண்டும். நானும் முன்பு ஒரு பிள்ளையை அப்படி உட்கார வைத்தவள்தான். அந்தப் பையனுக்குக் காதில் சீழ் என்று அரைப்பரீட்சைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றும் அவன் முகம் நினைவில் இருக்கிறது.

டீச்சரிடம் சண்டை பிடிக்கிற மாதிரி போகாதீர்கள். "இவனுக்கு இடைக்காலமாகக் காது மந்தமாக இருக்கலாம், பரிசோதனை செய்யப் போகிறோம், அதுவரை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், பேர் சொல்லி அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். மூக்குச் சிந்த வெளியே போக அனுமதி கேளுங்கள். எல்லார் முன்னாலும் சிந்தப் பிள்ளைகளுக்கு வெட்கம், அதனால் உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பட்டப்பெயரையும் டீச்சரிடம் சொல்லுங்கள். அதை நிறுத்துவது டீச்சரின் வேலை.


கீழக்கரை ராத்தா எழுதியது:

தங்கச்சியை அடிப்பதைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் செய்ததைச் சொல்கிறேன். அடிக்கக் கூடாது என்பதில் சளி நாள், நல்ல நாள் என்ற பேதமே வைக்கவில்லை. கை ஓங்கினால் கையைப் பிடித்துவிடுவேன். "அடிக்க விட மாட்டேன்" என்று ஒரே ஒரு வார்த்தை, முகத்துக்கு நேராக, மெதுவாக. விளக்கமெல்லாம் அந்த நேரத்தில் ஏறாது. சின்னவளை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். ஆனால் பட்டன், சோறு, தலை வாருவது இதிலெல்லாம் சளி நாளில் விட்டுக்கொடுப்பேன். பட்டன் இல்லாத சட்டையைப் போட்டுவிடுவேன், சண்டையே வராது. உச்சிப்புளி காக்கா சொன்னதில் பாதி சரிதான், கண்டிப்பு வேண்டும். ஆனால் மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு அடி வேண்டாம்.

ஒரு நோட்டுப் போடு. ராத்திரி எப்படித் தூங்கினான், காலையில் மூக்கு எப்படி, அன்றைக்கு எத்தனை சண்டை. மூன்றே வரி. எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது.


மண்டபத்து அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆறு வாரம் கழித்து வருகிறேன். சொல்லாமல் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

செவிலி அம்மா சொன்ன அன்றைக்கே டாக்டருக்கு ஃபோன் செய்தேன். அலறலைச் சொன்னதும் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நாலாவது ராத்திரியிலிருந்து அலறல் இல்லை. இன்று வரை இல்லை. நானே மூன்று மாதம் கையில் வைத்துக் கொடுத்தேனே என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் குறட்டையும் எரிச்சலும் அப்படியே இருந்தன, அது மாத்திரையால் மட்டும் வந்தது இல்லை.

ராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். வீடியோவை அவர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். கழுத்தைப் பக்கவாட்டில் வைத்து எக்ஸ்ரே எடுத்ததில் அடினாய்டு பெரிதாக இருக்கிறது. காதிலும் நீர், ராத்தா சொன்ன மாதிரியே, இரண்டு பக்கமும். கேட்புச் சோதனை அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எனக்குச் சின்னதாகக் கேட்கிறது, அவன் கை மடியிலேயே இருக்கிறது. அவன் என்னையே பார்த்துக்கொண்டு, சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற மாதிரி முகத்தை வைத்திருந்தான். அந்த முகத்தை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

சொட்டு மருந்தை நிறுத்தினோம், முதல் ஒரு வாரம் ரொம்பக் கஷ்டம். காலையும் ராத்திரியும் உப்புத் தண்ணீர், அதன் பிறகு ஸ்டீராய்டு ஸ்பிரே. வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால், நடு எலும்பில் படாமல் காதைப் பார்க்க அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் உப்புத் தண்ணீர் விட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது அவனே தலையைக் குனிந்துகொண்டு "ம், விடும்மா" என்கிறான்.

அறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள், வெள்ளி செவ்வாய் சாம்பிராணி, அவன் தலைக்கு எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய இலவம்பஞ்சுத் தலையணை. மேற்கே கருவேலங்கட்டைக் கரிமூட்டம் போடுகிறார்கள், காற்று திரும்பினால் புகை நேரே உள்ளே வரும். மூட்டத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது, மற்றதை எல்லாம் மாற்றிவிட்டேன். சுருளுக்குப் பதில் வலை கட்டிவிட்டோம். சாம்பிராணியை மாமியாரே வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்ததிலிருந்து அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, ராத்திரி இரண்டு தடவை எழுந்து வந்து அவன் மூச்சைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நோட்டு என்ன சொன்னது தெரியுமா? 38 நாள் எழுதியிருக்கிறேன். கடித்தது, தள்ளியது, பள்ளியிலிருந்து புகார் வந்தது எல்லாமாக 11 நாள். அதில் 9 நாள், முந்தின ராத்திரி "மோசம்" என்று எழுதியிருக்கிறது. மீதி இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்துதான் சேட்டை செய்திருக்கிறான். உச்சிப்புளி அண்ணே, அந்த இரண்டு நாளும் கண்டித்தேன். அடிக்கவில்லை.

டீச்சரிடம் தாள் கொடுத்தேன். இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. குறட்டை பாதியாகக் குறைந்திருக்கிறது, மூச்சு நிற்பதை இந்த இரண்டு வாரத்தில் ஒரு தடவைதான் பார்த்தேன். பங்குனிக் கடைசியில் மறுபடி காட்ட வேண்டும். காதில் நீர் அப்படியே இருந்தால் சதையை எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படி வந்தால் ஏப்ரல் 15-க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போகிறேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், 61 நாள் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். பள்ளிக்கும் லீவு வந்துவிடும். ராத்தா, ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் கஞ்சி, ஆறின சாப்பாடு கொடுத்தீர்கள்? வலி எத்தனை நாள் இருந்தது?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கருவாடு காயப்போடுகிற களம். நாங்கள் பிறந்ததிலிருந்து அதிலேயே இருப்பதால் எங்களுக்குத் தெரியாது, வருகிறவர்கள்தான் மூக்கைப் பிடிப்பார்கள். நேற்றுச் சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்தேன். பின்வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன் ஓடி வந்து, மூக்கை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு, "அம்மா, என்னம்மா இது, இம்புட்டு நாறுது?" என்றான். மிஷினை நிறுத்திவிட்டு அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அவன் திமிறிக்கொண்டு மறுபடி களத்துப் பக்கம் ஓடினான், இன்னொரு தடவை மோந்து பார்க்க.